சிரிப்புப் பலகை

அப்பா ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, பிய்த்த ரொட்டித் துண்டு கையிலேயே நிற்கக் காத்திருந்தார்.

“இந்த வீட்டுல மூளை ஒருத்தனுக்குத்தான். ஆனா பசி மட்டும் நாலு பேருக்கு!”

சாப்பாட்டு மேசையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் காத்திருந்தது அவர்களுடைய சிரிப்புக்காகவும் அல்ல. சுவருக்குப் பின்னால் ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோலவும், அது சிரித்து முடித்தால்தான் அடுத்த வாக்கியத்துக்குப் போகலாம் என்பதுபோலவும் அவர் முகத்தில் ஒரு பொறுமை இருந்தது. சுவருக்குப் பின்னால் இருந்ததோ பக்கத்து வீட்டுக்காரரின் குளியலறை. அங்கிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் வந்தது. அப்பா அதையே சிரிப்பாக எடுத்துக்கொண்டு ரொட்டியை வாயில் போட்டார்.

பெரியவள் மடியில் விரித்து வைத்திருந்த நாவலுக்குள் குனிந்துகொண்டாள். தூர தேசத்துக் கதை. அதில் ஒரு குடும்பம் பனிக்காலம் முழுக்க ஒருவரோடு ஒருவர் பேசாமல் சூப் குடித்தது. கொடுத்து வைத்தவர்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

எல்லாம் சின்னவனால் வந்தது. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அவன் பாட்டுக்குக் கணக்குப் போட்டான், அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகள் படிப்படியாக ஏறும் வகுப்புகளை அவன் லிஃப்டில் கடந்து, பதினோரு வயதில் பதினோராம் வகுப்பில் வந்து இறங்கினான். அதுவும் அக்காவின் வகுப்பிலேயே, அவளுக்கு இரண்டு பெஞ்சு முன்னால். பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. ஆட்டிக்கொண்டே இருப்பான். ஆட்டிக்கொண்டே கையைத் தூக்கி, “ஏன் சார்?” என்பான். அந்தக் கை மேலே போனாலே வேதியியல் ஆசிரியருக்குத் தாகம் எடுத்துவிடும். தண்ணீர் குடிக்கப் போனவர் மணி அடித்த பிறகுதான் திரும்புவார்.

செய்தித்தாளில் அவன் படம் வந்தது. படத்தைப் பார்த்து ஒரு டிவி கம்பெனி வீட்டுக்கு வந்தது. “உங்க குடும்பத்தை வெச்சு ஒரு காமெடி தொடர் பண்ணலாம்னு இருக்கோம்” என்றார்கள். இந்தக் குடும்பத்தில் காமெடி எங்கே இருக்கிறது என்று அப்பா கேட்கவில்லை. தன் வேடத்தில் யார் நடிக்கப் போகிறார்கள் என்றுதான் கேட்டார்.

‘எங்க வீட்டு மூளை’ சக்கைப்போடு போட்டது. அதில் வரும் அப்பா ஒரு வெகுளி, பெரிய மீசை வைத்தவர், வாயைத் திறந்தால் கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து அசல் அப்பாவும் மீசை வளர்க்க ஆரம்பித்தார். அதில் வரும் அக்கா எப்போதும் கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருப்பாள், யார் எதைச் சொன்னாலும், “அய்யய்யோ, எனக்கு எதுவுமே புரியலையே!” என்பாள். பெரியவள் பள்ளி வராந்தாவில் நடந்தால் ஏழாம் வகுப்புப் பொடிசுகள்கூடப் பின்னாலிருந்து இதைக் கத்தின. வகுப்பில் இலக்கியத்தில் அவள்தான் முதல் என்பது வராந்தாவுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அதில் சிரிக்க என்ன இருக்கிறது?

தொடரில் வரும் பையன் தடித்த வட்டக் கண்ணாடி போட்டிருந்தான். சின்னவனுக்கோ பருந்துக் கண். ஆனால் அப்பா வைத்திருந்தது மூக்குக்கண்ணாடிக் கடை. தொடரைப் பார்த்துவிட்டு வந்த பெற்றோர்கள், “அந்தப் பையன் போட்டிருக்கிற மாதிரி குடுங்க” என்று கேட்டார்கள். அப்பா வட்டக் கண்ணாடிகளை வாங்கிக் குவித்து, ‘மூளை மாடல்’ என்று பெயரும் வைத்து, ஒன்றில் பவர் இல்லாத வெறும் கண்ணாடியைப் பொருத்தி மகனின் மூக்கில் உட்கார வைத்தார். “கடைக்கு வர்றவங்க உன்னப் பாத்து ஏமாந்து போகக்கூடாதுல்ல” என்றார். ஏமாற்றத்துக்கு அவர் அகராதியில் அப்படி ஒரு பொருள்.

அம்மா டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுப்பவள். மாணவர் ஓட்டும் வண்டியில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவது அவள் வேலை. பழக்கதோஷத்தில் வீட்டிலும் பயம் வந்தால் வலது கால் தரையை மிதிக்கும். ஆனால் இந்தத் தொடர் விஷயத்தில் அந்தக் கால் அசையவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தொடரின் வசனகர்த்தா டீ குடிக்க வருவார். “இந்த வாரம் ஏதாவது விஷயம் இருக்காம்மா?” என்பார். அம்மா பிஸ்கட் தட்டை நகர்த்திவிட்டு, பிள்ளைகளின் மானத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிமாறுவாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வசனகர்த்தா வாயெல்லாம் பல்லாக வந்தார்.

“தொடருக்கு ஒரு வருஷம் ஆகப் போகுது. ஸ்பெஷல் எபிசோடு. நடிகர்கள் கிடையாது, நீங்களேதான் நடிக்கிறீங்க. உங்க ஸ்கூல் ஹால்லயே, பசங்க முன்னாடியே ஷூட்டிங்!”

அப்பா மீசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“கதை என்ன சார்?” என்றாள் பெரியவள். “எனக்கு எதுவுமே புரியாது, கொஞ்சம் விளக்கமாச் சொல்லுங்க.”

குத்தல் அவருக்கு உறைக்கவில்லை. “லேப் சீன்மா. பெரிய மேதை. ஆசிட் கையில தெறிக்குது. கழுவணும். குழாய் எட்டல! எம்பி எம்பிப் பாக்கறான். கடைசியில ‘அம்மா’ன்னு அழறான். பிரமாதமா இருக்கும்!”

மேசையின் அந்தப் பக்கம் சின்னவன் கால் ஆட்டுவதை நிறுத்தினான்.

அது நடந்த சம்பவம். வகுப்பு மொத்தமும் கீழே போன பிறகு, ஆய்வகத்தைச் சுத்தம் செய்ய அக்காவும் தம்பியும் மட்டும் மேலே இருந்தார்கள். பெரியவள் ஓடி வந்து அவனைத் தூக்கிப் பிடித்து, தண்ணீருக்கு அடியில் கையைக் காட்டினாள். வெளியே யாருக்கும் தெரியாது. அவன் தேம்பியபடி அம்மாவிடம் மட்டும் சொன்னான், யாரிடமும் சொல்லாதே என்றும் சொன்னான்.

“அம்மா?” என்றான் இப்போது.

“ஐயே, இதுல என்னடா இருக்கு? எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா சார், அவன் அதைச் சொன்ன விதம்!” என்று அம்மா வசனகர்த்தாவிடம்தான் பதில் சொன்னாள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் சைக்கிள் கொட்டகையில் சின்னவன் அக்காவின் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தான்.

“அக்கா, ஒட்டகம் என்னைக் கடைசி பெஞ்சுல சேத்துக்கிட்டான்ல?”

ஒட்டகம் வாலிபால் அணியின் கேப்டன். கழுத்து நீளம், வாயும் நீளம். சின்னவன் எதிரணிக்குத் தெரியாமல் ஸ்கோர் பலகையில் ஒரு பாயிண்ட் கூட்டிப் போடுவான். எந்த நேரத்தில் போட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தான். அந்தத் திருட்டுத்தனத்துக்குப் பரிசாக, மதியச் சாப்பாட்டுக்குக் கடைசி பெஞ்சில் அவனுக்கு ஓர் இடம். ‘பொடியா’ என்று ஒரு பெயர். வருடம் முழுக்க அவனை யாரும் மேதை என்று கூப்பிடாத ஒரே இடம் அதுதான்.

“ஆமா, அதுக்கென்ன?”

“அவங்கள்லாம் ஹால்ல உக்காந்திருப்பாங்க. நான் அழுதா சிரிப்பாங்க. அப்புறம் நான் யார்கூடச் சாப்பிடறது?”

பெரியவள் அவனைப் பார்த்தாள். உலகத்தின் கணக்கையெல்லாம் போடுகிற தலைக்குள் இந்த ஒரு கணக்கு மட்டும்தான் இப்போது ஓடிக்கொண்டிருந்தது. விடையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

“அப்பாகிட்ட முடியாதுன்னு சொல்லேன்டா.”

“சொன்னேன். சொல்லி முடிச்சதும் அவர் கொஞ்ச நேரம் நின்னாரு. சிரிப்புக்கு.”

அவள் சைக்கிள் பூட்டைத் திறந்தாள். திறந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“டேய், உனக்குச் சண்டை போடத் தெரியாது. கை ஓங்கத் தெரியாது. கெட்ட வார்த்தைகூட ஒழுங்கா வராது. உனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். கெமிஸ்ட்ரி சாரை ஓட ஓட விரட்டறியே, அது. அதையே மேடையில பண்ணு. அழாத. கேளு. விடாம கேளு.”

“சிரிப்பாங்களே?”

“சிரிப்பை நான் பாத்துக்கறேன்.”

எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. படப்பிடிப்பு நாளன்று அதுவாகவே வந்து கையில் விழுந்தது.

அந்தத் தொடரில் கூட்டம் சிரிப்பதற்கு ஒரு முறை இருந்தது. கேமராவுக்குக் கீழே ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து ஒரு பலகையைப் பிடித்திருப்பார். ஒரு பக்கம் ‘சிரிக்கவும்’. மறுபக்கம் ‘அமைதி’. பலகை மேலே போனால் சிரிக்க வேண்டும், இறங்கினால் நிறுத்த வேண்டும். படப்பிடிப்புக்கு முன்னால் அவரே கூட்டத்துக்குப் பயிற்சியும் கொடுப்பார். அன்று அவர் தீயணைப்புக் கருவியின் மேல் ஒட்டியிருந்த உபயோகக் குறிப்பை உரக்கப் படித்து, வரிக்கு வரி பலகையைத் தூக்கினார். “முதலில் ஊசியை இழுக்கவும்” என்றதற்கு முந்நூறு மாணவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முன்வரிசையில் தலைமையாசிரியையும் சிரித்தார். சிரித்துப் பழகிய பின் கூட்டத்துக்குக் காது தேவைப்படவில்லை, கண் மட்டும் போதுமாக இருந்தது.

பயிற்சி முடிந்ததும் பலகைக்காரர் தன் வயிற்றையே பிடித்துக்கொண்டார். அது சிரிப்பால் அல்ல. கழிவறைப் பக்கம் போனவர் திரும்பவில்லை. வசனகர்த்தா தலையில் கை வைத்து நின்றபோது, நடிக்க மாட்டேன் என்று அடம் பிடித்துக் கீழே உட்கார்ந்திருந்த பெரியவள் எழுந்தாள்.

“நான் பிடிக்கறேன் சார்.”

“நீயா? உனக்குத்தான் எதுவுமே புரியாதே!” அவர் தன் வசனத்துக்குத் தானே சிரித்தார்.

“தூக்கணும், இறக்கணும். இதுல புரிய என்ன சார் இருக்கு?”

எங்கெங்கே தூக்க வேண்டும் என்று சிவப்பில் கோடு போட்ட தாள்களை அவர் கொடுத்தார். அவள் பயபக்தியோடு வாங்கிக்கொண்டாள்.

மேடையில் ஒரு பாதி வீடு, மறுபாதி ஆய்வகம். ஆய்வகக் குழாயை அசலைவிட ஒரு முழம் உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். சின்னவன் தரையைக் கூட்டும் நீளத்தில் ஒரு வெள்ளை லேப் கோட்டுக்குள் நின்றான். முதல் காட்சியில் அப்பா பேசினார். பெரியவள் சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சரியாகத் தூக்கினாள். கூட்டம் சிரித்தது. இத்தனை மாதம் சுவரைப் பார்த்துக் காத்திருந்த மனிதருக்குச் சுவர் திறந்துவிட்டது. அவர் முகம் பூரித்ததைப் பார்க்க அவளுக்கே ஒரு கணம் பாவமாக இருந்தது. ஒரு கணம்தான்.

பிறகு குழாய்க் காட்சி. சின்னவன் கையில் ஏதோ தெறித்தது போல உதறிக்கொண்டு குழாயடிக்குப் போனான். எம்பினான். எட்டவில்லை. இன்னொரு முறை எம்பினான். இந்த இடத்தில் தாளில் இரண்டு சிவப்புக் கோடு.

பெரியவள் பலகையை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

கூட்டம் பலகையைப் பார்த்தது. மேடையைப் பார்த்தது. மறுபடி பலகையைப் பார்த்தது. யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வேறு வேலை இல்லாததால், உயரமான ஒரு குழாயையும் அதற்குக் கீழே நின்ற ஒரு சிறுவனையும் அவர்கள் உண்மையிலேயே பார்க்க வேண்டியதாகிவிட்டது.

சின்னவன் கையைத் தூக்கினான்.

“சார், ஒரு சந்தேகம்.”

பக்கவாட்டிலிருந்து வசனகர்த்தா மேடைக்கு ஓடிவந்தார். சட்டையில் குத்தியிருந்த மைக் அவர் மூச்சையும் சேர்த்து ஹால் முழுக்கப் பரப்பியது. “என்ன கண்ணா? சீக்கிரம் கேளு.”

“இதுல எந்த இடத்துல சார் சிரிக்கணும்?”

“நீ அழும்போது.”

“ஏன் சார்?”

“ஏன்னா… நீ மேதை. ஆனா குழாய் எட்டல. அதான்.”

“எட்டலன்னா கை வெந்துடும் சார். வேகும்போதா சிரிக்கணும்?”

“அப்படி இல்லப்பா. நீ குட்டியா இருக்கேல்ல, அது அழகு.”

“குழாயை உயரத்துல வெச்சது நான் இல்லையே சார். வெச்சவங்களைப் பாத்துத்தானே சிரிக்கணும்?”

வசனகர்த்தா கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “இதோ பாரு, காமெடி ரொம்ப நுட்பமான விஷயம். முப்பது வருஷமா எழுதறேன். அது உனக்கெல்லாம் புரியாது!”

பெரியவள் பலகையைத் தூக்கினாள்.

நிம்மதி அடைந்த கூட்டம் கூரை அதிரச் சிரித்தது. வசனகர்த்தா திரும்பி, இப்போது எதற்குத் தூக்கினாய் என்று கையால் கேட்டார். அவள் கண்ணை அகல விரித்து, அவரே எழுதிய முகத்தைக் காட்டினாள்: அய்யய்யோ, எனக்கு எதுவுமே புரியலையே.

நிலைமையைச் சமாளிக்க அப்பா முன்னால் வந்தார். “டேய், அப்பா சொல்றேன்ல. ஊரே பாக்குது. ரெண்டு சொட்டு அழு, போதும். அப்பாவுக்காக!”

சொல்லிவிட்டு, பழக்கப்படி நின்றார்.

பலகை மேலே போனது. சிரிப்பு அலை அலையாக வந்து அவர் மேல் விழுந்தது. அப்பாவின் நெஞ்சு விரிந்தது. மகனை மறந்தார், குழாயை மறந்தார், எழுதிக் கொடுத்த வசனத்தையும் மறந்தார்.

“இவன் அறிவு மொத்தமும் என் பக்கத்துலேருந்து வந்தது!” நின்றார். சிரிப்பு.

“அவன் அக்கா அவங்கம்மா பக்கம்!” நின்றார். இதற்குச் சிரிப்பு வரவில்லை, பலகை இறங்கியிருந்தது. அவர் குழம்பி மகன் பக்கம் திரும்பினார். “மொதல்ல அந்தக் கண்ணாடியைச் சரியாப் போடுடா. வழியுது பாரு.”

சின்னவன் கண்ணாடியைக் கழற்றினான்.

“இது எதுக்குப்பா? இதுலதான் பவரே இல்லையே. வெறும் கண்ணாடி. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. கடைக்காகத்தானே போடச் சொன்னீங்க?”

பெரியவள் பலகையைத் தொடவில்லை. தொட அவசியமே இருக்கவில்லை. இந்த முறை ஹால் தானாகச் சிரித்தது. வெடித்துக் கிளம்பிய அந்தச் சிரிப்புக்கும், முன்னால் கேட்ட சிரிப்புக்கும் இருந்த வித்தியாசம் அப்பாவைத் தவிர எல்லாருக்கும் தெரிந்தது. மூன்றாவது வரிசையில் ‘மூளை மாடல்’ போட்டிருந்த இரண்டு பேர் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒட்டகத்தின் கழுத்து எழுந்தது. “டேய் பொடியா! குழாயைக் கீழ இறக்கிட்டு மறுபடி கூப்பிடச் சொல்லுடா! இறங்கி வா, பசிக்குது!”

“நீயே நடி சார், நடி!” என்று யாரோ வசனகர்த்தாவைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் சின்னவனின் தோளைப் பிடித்துக் குழாய்ப் பக்கம் திருப்பப் பார்த்தார். அப்போது தொம் என்று ஒரு சத்தம். சோபாவில் உட்கார்ந்திருந்த அம்மாவின் வலது கால் மேடைப் பலகையை ஓங்கி மிதித்திருந்தது. தன் காலையே அவள் கொஞ்ச நேரம் ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு எழுந்தாள்.

“போதும் சார். கையை எடுங்க,” என்றாள். “அவன் சாப்பிடப் போகட்டும்.”

ஒரு வருடம் கழித்துப் போட்ட பிரேக். வண்டி ஏற்கெனவே எத்தனையோ பேர் மேல் ஏறி இறங்கிவிட்டிருந்தது. இருந்தாலும் போட்டாள் என்று பெரியவள் மனதுக்குள் குறித்துக்கொண்டாள். சின்னவன் தரையைக் கூட்டும் லேப் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடினான். கடைசி வரிசையில் ஒரு நாற்காலி அவனுக்காக நகர்ந்தது.

டிவிக்காரர்கள் இதற்கெல்லாம் அசருகிறவர்களா? எபிசோடு சொன்ன நாளில் வந்தது. அசல் பையன் எம்பினான். உடனே நடிகப் பையனின் முகத்தை அருகில் காட்டி அழ வைத்தார்கள். எங்கிருந்தோ பிடித்துவந்த சிரிப்பை அதன் மேல் ஊற்றினார்கள். ஆனால் பள்ளியில் அதைப் பார்த்தவர்கள் நடந்ததையும் பார்த்தவர்கள். ஏழாம் வகுப்புப் பொடிசுகள் இப்போது வராந்தாவில், “அது உனக்கெல்லாம் புரியாது!” என்று கழுத்தைத் துடைத்துக்கொண்டு திரிந்தார்கள். தலைமையாசிரியை ஆய்வகத்தில் உடனடி நடவடிக்கை எடுத்தார்: ‘உயரம் குறைந்தவர்கள் மற்றவர் உதவியை நாடவும்’ என்று குழாய்க்கு மேல் ஓர் அறிவிப்பு. அதையும் சின்னவனால் படிக்க முடியாத உயரத்தில் ஒட்டினார். ஒட்டகம் அவனைத் தோளில் ஏற்றி உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டச் சொன்னான். கடைசி பெஞ்சு ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. சின்னவனும் சேர்ந்து சிரித்தான், வாயில் சாப்பாட்டோடு.

அப்பாவுக்கு எந்த வருத்தமும் இல்லை. “பாத்தியா, எபிசோடு முழுக்க எனக்குத்தான் சிரிப்பு அதிகம்” என்றார். ‘மூளை மாடல்’ படுத்துவிட்டதற்குப் பக்கத்துத் தெருக் கடைக்காரரின் பொறாமைதான் காரணம் என்றும் கண்டுபிடித்தார்.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில் அவர் கரண்டியை உயர்த்தினார்.

“ஒரு வீட்டுல ரெண்டு மேதை இருந்தா என்ன ஆகும் தெரியுமா?” என்று ஆரம்பித்து, நின்றார்.

பெரியவள் மேசைக்கு அடியில் கையை விட்டாள். படப்பிடிப்பு முடிந்த களேபரத்தில் பலகையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. அவளும் கொடுக்கவில்லை. தம்பியிடம் நீட்டினாள். அவன் வாங்கி, ‘அமைதி’ என்ற பக்கம் அப்பாவைப் பார்க்கும்படி தலைக்கு மேலே உயர்த்தினான்.

அப்பா அதைப் படித்தார். சட்டென்று முதுகை நிமிர்த்தி, மீசையை ஒதுக்கி, உதட்டை இறுக மூடிக்கொண்டார். எங்கோ கேமரா ஓடுகிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு யாரும் பேசவில்லை. நான்கு கரண்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது. பெரியவள் சூப்பை மெதுவாக உறிஞ்சினாள். வெளியே பனி பெய்யவில்லை. மற்றபடி எல்லாம் அந்த நாவலில் இருந்தபடியே இருந்தது.